கடல் வாசலில் சொல்லும் சொல்

அந்தக் காலத்தில் பறவைகளுக்கும் மனிதப் பேச்சு இருந்தது. அப்போது கொரிய நாட்டின் பெக்சே அரசு போரில் அழிந்தது. அதன் அரச குலத்தைச் சேர்ந்த தாம்சு தப்பித்து, ஜப்பானின் மேற்குக் கரையில் ஒதுங்கினார். படகில் ஏறியவர்கள் பதினொரு பேர். கரை சேர்ந்தவர்கள் நான்கு பேர். கூடவே வெள்ளை வயிற்றுக் காக்கை ஒன்று.

அவர் மகள் அடுத்த படகில் வருவதாக இருந்தது.

அவர்கள் நாட்டில் அந்த வகைக் காக்கை காலையில் கத்தினால் வேண்டியவர்கள் வருவார்கள் என்று நம்பினார்கள். காக்கை அவருக்கு வாக்குக் கொடுத்தது.

"உங்கள் மகளின் படகைப் பார்த்தால்தான் கத்துவேன். பொய்யாகக் கத்தினால் என் பேச்சு போகட்டும்."

தாம்சு அந்தக் கரை மக்களுக்கு இலை பரப்பி, அதன் மேல் மண் போட்டு மிதித்து, ஏரிக்கரை கட்டக் கற்றுக்கொடுத்தார். ஏழு ஏரிகள் நிறைந்தன. உடன் வந்த மூவரும் ஒவ்வொருவராக இறந்துபோனார்கள். தினமும் காலையில் அவர் கடலைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் காக்கை வாயை மூடிக்கொண்டு இருக்கும். இப்படிப் பத்தொன்பது ஆண்டுகள்.

இருபதாவது ஆண்டு, பனி விழும் மாதத்தில் அவர் படுத்த படுக்கையானார். உப்புக் காய்ச்சும் சயோ என்பவள் கஞ்சி கொண்டுவந்தாள். அவர் இரண்டு வாய்கூட விழுங்கவில்லை. காய்ச்சலில் அந்தக் கரையின் பேச்சு அவருக்கு மறந்துபோயிருந்தது. தாய்மொழியில் ஏதோ முனகினார்.

"என்ன கேட்கிறார்?" என்றாள் சயோ.

"படகு வந்ததா என்கிறார். காலையிலிருந்து ஒன்பது தடவை கேட்டுவிட்டார்," என்றது காக்கை.

"கத்தேன், ஒரே ஒரு தடவை."

"உனக்கென்ன, சுலபமாகச் சொல்லிவிட்டாய். பேச்சு போவது எனக்கல்லவா?"

"பேசிப் பேசி என்ன கண்டாய்? என் கஞ்சியில் உப்பு அதிகம் என்பாய். வேறென்ன?"

காக்கை கஞ்சியில் அலகை நனைத்துப் பார்த்தது. "உப்பு அதிகம்தான்," என்றது. பிறகு கூரை மேல் ஏறி, வெறும் கடலைப் பார்த்துக் கத்தியது.

தாம்சு கண் திறந்தார். ஏதோ கேட்டார். சயோ காக்கையைப் பார்த்தாள். அது வாயைத் திறந்தது. பேச்சு வரவில்லை.

இனி அவர் கேட்பது என்ன என்று அவளுக்கு யார் சொல்லுவார்? சயோ வெளியே ஓடினாள். படகிலிருந்து யாரோ வந்ததுபோல் கடல் பக்கக் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தாள். அயலார் வீட்டில் நுழைபவர் "உள்ளே வரலாமா?" என்று கேட்பது அந்தக் கரை வழக்கம். பதற்றத்தில் அவள் வாய் தவறிவிட்டது. வீட்டைச் சேர்ந்தவர்கள் வேலை முடிந்து திரும்பும்போது சொல்வதைச் சொல்லிவிட்டாள்.

"வந்துவிட்டேன்."

ஊரில் ஒவ்வொரு வாசலிலும் மாலைதோறும் அவர் கேட்ட சொல் அது. அவர் வாசலில் யாரும் சொன்னதில்லை.

"வந்தாயா, வா," என்றார் தாம்சு. மகள் என்று நினைத்தாரோ, சயோ என்று தெரிந்தே சொன்னாரோ. ஆனால் சொன்னது அந்தக் கரையின் பேச்சில். பிறகு அவர் எதுவும் கேட்கவில்லை. உச்சிப் பொழுதுக்கு முன் உயிர் அடங்கியது.

மக்கள் அந்த வீட்டையே அவருக்குக் கோயிலாக்கினார்கள்.

அன்று முதல்தான் வெள்ளை வயிற்றுக் காக்கை பேச்சிழந்து, படகு வராவிட்டாலும் காலைதோறும் கத்துகிறது. கத்தியதும் பூசாரி கடல் பக்கக் கதவைத் திறக்கிறார். முதலில் நுழைபவர் எந்த ஊராராக இருந்தாலும், வேண்டுதலுக்கு முன் "வந்துவிட்டேன்" என்று சொல்கிறார்.