ராஜா பிடிச்ச உறிக்கயிறு

ஆவாரங்காடுன்னு ஒரு ஊர்ல கெக்கலிராயன்னு ஒரு ராஜா இருந்தாரு. எந்தக் காலம்னு கேக்காதீங்க, கதை நின்னுடும். அவருக்கு எந்நேரமும் வேடிக்கை வேணும். நாவிதரோட கண்ணாடியில கரி பூசுவாரு, வண்ணாரோட பொதியில பூனையை வச்சுக் கட்டுவாரு, தயிர்க்காரம்மாவோட பானையில தவளையை விடுவாரு. யாராவது அழுதுக்கிட்டே அரண்மனைக்கு வந்தா வாசல்ல மூணு மந்திரிங்க நிப்பாங்க. ஒருத்தர் இது கேளிக்கைன்னுவாரு, இன்னொருத்தர் தமாஷுன்னுவாரு, மூணாமத்தவர் பொழுதுபோக்குன்னுவாரு. வந்தவங்க சிரிச்சுட்டுப் போகணும், இல்லைன்னா உதை.

அந்த ஊர்ல பூவாயின்னு ஒருத்தி. கைக்குழந்தைக்காரி, தாய்ப்பால் பத்தல, வீட்டு வெள்ளாட்டுப் பால்தான் பிள்ளைக்கு உசுரு. ராஜா அந்த ஆட்டைப் பிடிச்சுட்டுப் போயி, தலைப்பாகை கட்டி, புது மந்திரின்னு சபையில நிறுத்திட்டாரு. நெசத்துக்குப் பழைய மூணு பேருக்கு ஆடு எவ்வளவோ மேல், அதை விடுங்க. பிள்ளை பசியில கத்துது. பூவாயி போயிக் கேட்டா, நாளைக்கு உறியடியில பானையை உடைச்சுட்டு ஆட்டை ஓட்டிக்கோ, உடைக்கலைன்னா ஆடு எனக்குன்னுட்டாரு.

உறியடி தெரியும்ல? மரக்கிளைக்கு மேல கயிறு போட்டு, ஒரு முனையில மஞ்சத்தண்ணிப் பானை, மறுமுனை தள்ளி நிக்கிற ராஜா கையில. அடிக்கிறவங்க கண்ணைக் கட்டிடுவாங்க. கம்பு வந்தா அவர் இழுப்பாரு, பானை மேல போயிடும். மூணு அடிதான். அது முடியற வரைக்கும் ராஜா கயித்தை விடக்கூடாது, இன்னொருத்தர்கிட்டக் கொடுக்கவும் கூடாது, சாமி குத்தம்.

பூவாயி வீசினா, பானை மேல போச்சு, ராஜா சிரிச்சாரு. மறுபடியும் வீசினா, மறுபடியும் போச்சு, மறுபடியும் சிரிச்சாரு. அப்புறம் அவ கம்பை மடியில வச்சுக்கிட்டு உக்காந்துட்டா.

"வீசு, பூவாயி."

"வீசுறேன் மகாராஜா. கொஞ்சம் வேடிக்கை பாத்துக்கறேன்."

கண்ணைக் கட்டிக்கிட்டு வேடிக்கை பாக்கறாளாம். ஊரு லேசா சிரிச்சுது. வெயில் ஏறுது. ராஜாவுக்குக் கை கடுக்குது, விடவும் முடியல, கொடுக்கவும் முடியல. வீசுன்னாரு, உக்காந்திருந்தா. கெஞ்சினாரு, உக்காந்திருந்தா. கோவம் வந்து திட்டிக்கிட்டே கிட்ட வந்தாரு, அப்பவும் உக்காந்திருந்தா.

அவர் ஒரு எட்டு கிட்ட வந்தா பானை ஒரு எட்டு கீழ இறங்குது. ஊரே பாக்குது, ஒருத்தரும் சொல்லல. சொல்லுவாங்களா?

"நான் என்ன உன் விளையாட்டுச் சாமானா?"ன்னு தலைக்கு மேலேயே குரல் கேட்டுச்சு. கயிறு பிடிச்ச ஆளே இங்க வந்துட்டா பானை எங்க இருக்கும்? பூவாயி எந்திரிச்சா, குரலுக்கு ஒரு முழம் மேல வீசினா.

பானை உடைஞ்சுது. உச்சி முதல் பாதம் வரைக்கும் ராஜா மஞ்சள். ஊரு வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சுது. மந்திரிங்க மட்டும் இது கேளிக்கையா, தமாஷா, பொழுதுபோக்கான்னு சொல்ல வாயைத் தொறக்கல.

"எல்லாரும் சிரிக்கிறாங்க. எனக்குச் சிரிப்பு வரலையே"ன்னாரு ராஜா.

பூவாயி கண்கட்டை அவுத்தா. "எங்களுக்கும் இத்தனை நாளா வரல, மகாராஜா."

ராஜா தானே போயி ஆட்டோட தலைப்பாகையை அவுத்து, அதோட கயித்தை அவ கையில கொடுத்தாரு. அவர் வேட்டியில ஏறின மஞ்சள் எத்தனை வெளுப்புக்கும் போகல. அந்த வண்ணார் நல்லாத்தான் வெளுத்தேன்னு சொன்னாரு, நம்புறவங்க நம்பிக்கோங்க.

ரெண்டு பக்கமும் சிரிச்சாத்தான் வேடிக்கை. ஒரு பக்கம் மட்டும் சிரிச்சா, என்ன பேரு வச்சாலும் அது கொடுமைதான். ஆடு வீட்டுக்குப் போச்சு, பிள்ளை வயிறு நெறஞ்சுது, கதையும் தீந்துது. கண்ணை மூடுங்க.