ஆள்காட்டியின் நான்கு புள்ளிக்கற்கள்

அந்தக் காலத்தில், பறவைகள் வாய் திறந்து பேசிய நாளில், ஏழேரி நாட்டில் தேர்தல் நடந்தது. அன்று கரைக்கு வந்திருந்தவர்கள்: கொக்கு ஒன்பது, நீர்க்காகம் ஆறு, நாமக்கோழி ஐந்து, முக்குளிப்பான் மூன்று, ஆள்காட்டி ஒன்று. ஆக இருபத்துநான்கு ஓட்டு. அதிபர் கூழைக்கடாவை இதில் சேர்க்கவில்லை. அவர் வாய்தான் ஓட்டுப்பெட்டி.

அதிபரே தொடர வேண்டுமென்றால் அவருடைய தாடைப்பையில் வெள்ளைக்கல் போட வேண்டும். வேண்டாமென்றால் புள்ளிக்கல். ஆள்காட்டி புள்ளிக்கல் போட்டாள். அப்படிப் போட்டவள் தான் ஒருத்தி மட்டுமே என்று நினைத்துப் பயந்தாள்.

அதிபர் சிறகை விரித்து மறைத்துக்கொண்டு கற்களைக் கொட்டினார். சிறகை எடுத்தபோது இருபத்துநான்கும் வெள்ளை.

"நான் போட்டது புள்ளிக்கல். அது எங்கே, ஐயா?" என்றாள் ஆள்காட்டி.

"உனக்குக் கண் கோளாறு."

"கொட்டின பிறகும் உங்க பை ஏன் தொங்குது?"

"வயசாச்சு, தாயி. தொங்கத்தான் செய்யும்."

"பேசும்போது கலகலங்குதே, அதுவும் வயசாலதானா?"

முக்குளிப்பான் ஒருத்தி சிரித்துவிட்டுச் சட்டென்று தண்ணீருக்குள் முங்கிக்கொண்டாள்.

ஆள்காட்டி எழும்பிப் பறந்து அந்தப் பையில் ஓர் உதை விட்டாள். சிறகுக்குள் ஒளித்திருந்த கற்களைக் காட்டிவிட்டு அவர் பதுக்கிய நிஜ ஓட்டுக்கற்கள் பொலபொலவென்று உதிர்ந்தன. அவள் உரக்க எண்ணினாள். வெள்ளை மூன்று. புள்ளி இருபத்தொன்று. அதில் பதினேழு ஏரியில் விழுந்து மூழ்கின. நான்கு கரையில் கிடந்தன.

நீயுமா என்று பறவைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

"இவளுக்கு இடம் கொடுக்கும் மரத்தை வெட்டுங்கள்! புள்ளிக்கல்லைப் பொடியாக்குங்கள்!" என்று அதிபர், வெளியிலிருந்து கூட்டி வந்திருந்த தன் ஆட்களிடம் கத்தினார்.

கொக்கு ஒன்று கிட்டே வந்து கிசுகிசுத்தது. "அக்கா, கல்லை ஏரியில தள்ளிட்டு மன்னிப்புக் கேளு. மரமாவது மிஞ்சும்."

"மரம் போகட்டும். இது நாம போட்ட ஓட்டு."

வெட்டவெளியில் அந்த நான்கு கற்களின் மேல் அவள் உட்கார்ந்தாள். அதிபரின் ஆட்கள் வந்தபோதெல்லாம் ஏரி முழுக்கக் கேட்கும்படி கத்தினாள். கத்தல் கேட்டதும் மற்ற இருபத்துமூன்று பறவைகளும் எழும்பி வந்து, அவளைச் சுற்றி நின்று பார்த்தன. அத்தனை கண்களுக்கு முன்னால் ஆட்களுக்குக் கை எழவில்லை. அடுத்த தேர்தலில் அதிபரின் வாயில் கல் போட யாரும் வரவில்லை. திறந்த வாயோடு காத்திருந்துவிட்டு அவர் வேறு ஏரிக்குப் பறந்துபோனார்.

அன்று முதல்தான் ஆள்காட்டி மரத்தில் உட்காருவதில்லை. யார் வந்தாலும் ஊருக்கே கேட்கக் கத்துகிறது. வெறுந்தரையில், கல்லோடு கல்லாக, புள்ளி முட்டையிடுகிறது. எண்ணிப் பாருங்கள், நான்கு.