செண்பகவடிவு எடுக்காத லீவு

அப்பாவிப்பட்டியில் தெருவிளக்கு அலுவலகம் என்று ஒன்று உண்டு. பகலெல்லாம் விளக்கை எரியவிட்டு, பொழுது சாய்ந்ததும் அணைத்துவிடுவார்கள். விளக்கு எரிகிறதா என்று இருட்டில் போய்ப் பார்க்க முடியுமா, நீங்களே சொல்லுங்கள்? அவ்வளவு பொறுப்பான ஆட்கள்.

அங்கே குமாஸ்தா வேலை செண்பகவடிவுக்கு. வெகுகாலம் காத்திருந்து, காப்பகத்திலிருந்து முறைப்படி ஒரு பெண் குழந்தையை அப்போதுதான் தத்தெடுத்திருந்தாள். எட்டு மாதக் குழந்தை; கீழே இரண்டு பல். புருஷன் லாரியோடு வடக்கே போயிருந்தான். வடிவு கண்ணை விட்டு மறைந்தால் போதும், பிள்ளை வீல்வீலென்று கத்தும். லீவு கிடைக்காவிட்டால் இதை யாரிடம் விடுவது? பிள்ளையை இடுப்பில் வைத்தபடியே மேலாளர் ஏகாம்பரத்தின் முன்னால் போய் நின்றாள்.

அவர் அலுவலக விதியை உரக்க வாசித்தார்: "பெற்ற தாய்க்கு உள்ள ஆறு மாத லீவும் சம்பளமும் தத்தெடுத்த தாய்க்கும் உண்டு. இருவருக்கும் எந்த வித்தியாசமும் காட்டக் கூடாது."

"அப்ப லீவு உண்டா சார்?"

"உண்டும்மா. ஆனா வித்தியாசம் காட்டக் கூடாதே! மத்தவங்களுக்கு நம்ம ஆபீஸ்ல முதல்ல என்ன செய்வோம்?"

"வளைகாப்பு," என்றார் கணக்கர் திருவேங்கடம்.

மத்தியானமே வளைகாப்பு நடந்தது. வடிவுக்குக் கை நிறைய வளையல் போட்டுச் சந்தனம் பூசினார்கள். அவள் மடியில் இருந்த பிள்ளை எலுமிச்சஞ்சாதத்தை அள்ளி ஏகாம்பரத்தின் சட்டையில் பூசியது. "உள்ள இருக்கவேண்டிய நேரத்துல வெளிய வந்து உக்காந்திருக்கு பாரு, அவசரக்குடுக்கை!" என்று அவர் செல்லமாகக் கடிந்துகொண்டார்.

அடுத்தது பத்தியம். வடிவின் டிபன் பாக்ஸில் இருந்த காரக்குழம்பைப் பிடுங்கிக்கொண்டு பிரசவ லேகியத்தை உருட்டிக் கொடுத்தார்கள். குழம்பு வீணாகக் கூடாதென்று திருவேங்கடமே சாப்பிட்டார்.

"பெத்தவங்க களைச்சுப்போய் இருப்பாங்க. இவங்க தெம்பா இருக்காங்களே, வித்தியாசம் தெரியுதே!" என்று பியூன் பிச்சாண்டி கவலைப்பட்டார். உடனே வடிவை மாடிப்படியில் ஏறி இறங்கச் சொன்னார்கள். பிள்ளை இதை விளையாட்டென்று நினைத்துக் கெக்கெக்கே என்று சிரித்தது. வடிவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"சார், லீவு..." என்றாள் மூச்சு வாங்க.

"கொடுத்துடலாம். லீவு எப்ப ஆரம்பிக்கும் திருவேங்கடம்?"

"பிள்ளை பொறந்த அன்னிக்கு சார்."

"இது பொறந்து எட்டு மாசம். அப்ப ஆறு மாச லீவு எப்பவோ முடிஞ்சு போச்சே!"

மூவரும் எழுந்து, லீவு நல்லபடியாக முடிந்ததற்கு அவளுக்கு வாழ்த்துச் சொன்னார்கள்.

வடிவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நான் எங்க சார் லீவு எடுத்தேன்? தினமும் இங்கதானே வேலை பார்த்தேன்!"

ஏகாம்பரத்தின் முகம் இருண்டது. "லீவுல இருந்துக்கிட்டு வேலை பார்த்தியா?"

"இவங்க வேலை செஞ்சத நானே கண்ணால பார்த்தேன் சார்," என்றார் பிச்சாண்டி. "லீவுல இருக்கறவங்கள தொந்தரவு பண்ண வேண்டாமேன்னு சும்மா இருந்துட்டேன்."

இது லேசுப்பட்ட குற்றமா? வெகுநேரம் கூடிப் பேசித் தீர்ப்புச் சொன்னார்கள். "திருட்டுத்தனமா வேலை பார்த்த ஆறு மாசத்தையும் இனி வீட்டுல உக்காந்து கழிக்கணும். சம்பளம் மாசாமாசம் வீடு தேடி வரும். வேண்டாம்னு கெஞ்சக் கூடாது."

வடிவு பொங்கி வந்த சிரிப்பைப் பிள்ளையின் கழுத்தில் முகம் புதைத்து மறைத்தாள். தோள் குலுங்கியதைப் பார்த்து, அழுகிறாள் என்று பிச்சாண்டியும் தேம்பி அழுதார்.

அதோடு விட்டார்களா? மறுபடி வேலைக்கு ஓடிவந்துவிடுவாளோ என்ற பயத்தில், மறுநாள் காலை அலுவலகத்தைப் பூட்டிவிட்டு மூவரும் அவள் வீட்டுக்குக் காவலுக்கு வந்துவிட்டார்கள். பிச்சாண்டி வாசலில் நின்றார், திருவேங்கடம் கொல்லைப்புறத்தில் நின்றார், ஏகாம்பரம் தொட்டிலை ஆட்டினார். வடிவு நிம்மதியாகத் தூங்கினாள்.

அதே நேரம், பொழுது விடிந்தும் தெருவிளக்கு எரியவில்லை என்று புகார் சொல்ல ஊர்ஜனம் அலுவலகத்துக்குத் திரண்டு வந்தது. பூட்டிய கதவில் காதை வைத்துக் கேட்ட ஒருவர், உதட்டில் விரலை வைத்தார்.

"சத்தம் போடாதீங்கய்யா. பேச்சு மூச்சே இல்ல. அத்தனை பேரும் தலை நிமிராம வேலை பார்க்கறாங்க!"

எல்லாரும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, பூனை நடை நடந்து வீடு போய்ச் சேர்ந்தார்கள்.