நெருஞ்சி பொழுதைப் பார்ப்பது ஏன்?

செடிகொடிகளுக்கும் வாய் இருந்த அந்தக் காலத்தில் நெருஞ்சிக்கு முள் கிடையாது. இன்று போலத் தரையில் தவழவும் இல்லை. ஆள் உயரத்துக்கு அடர்ந்து, கடலோர உப்பளத்தின் வடக்கு வரப்பில் வேலியாக நின்றது.

உப்பளம் என்றால் வெட்டவெளி. ஒரு காக்கை வந்து உட்கார்ந்தாலும் ஒன்பது பாத்திக்குத் தெரியும். உப்பு வாரும் பெண்கள் ஒதுங்குவதற்கு நெருஞ்சியை விட்டால் வேறு மறைப்பு இல்லை. “நெருஞ்சியப் பாத்துட்டு வாரேன்” என்று ஒருத்தி கிளம்பினால் மற்றவர்கள் புரிந்துகொள்வார்கள். யார் வந்தாலும் நெருஞ்சி இலைகளை நெருக்கிக்கொண்டு, பூக்களை வேறு பக்கம் திருப்பிக்கொள்ளும். மரியாதை தெரிந்த செடி.

அந்த அளத்துப் பெண்களில் மூத்தவள் பூலத்தாய். அவள் பாத்தியைப் போல வெள்ளை உப்பு எங்கும் விளையாது என்று பேர். அந்தப் பேர்தான் அவளைக் கெடுத்தது. ஒரு பங்குனியில் காற்று திசைமாறி அடித்ததில், நெருஞ்சியின் மஞ்சள் இதழ்கள் உதிர்ந்து அவள் பாத்தியெல்லாம் ஒட்டிக்கொண்டன. அளத்துக்காரர் வந்து குவியலைப் பார்த்தார், முகத்தைச் சுளித்தார், ஒன்றும் சொல்லாமல் போனார். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவளுக்கு ஆறியிருக்கும்.

அரிவாளை எடுத்துக்கொண்டு நேரே வடக்கு வரப்புக்குப் போனாள். பக்கத்துப் பாத்தியில் வேலை செய்த தங்கச்சி சடச்சி ஓடிவந்து கையைப் பிடித்தாள்.

“வெட்டிட்டா நாம எங்க போயி ஒதுங்குறது அக்கா?”

“பொழுது சாஞ்சதும் வீட்டுக்குத்தான போறோம். அதுவரைக்கும் அடக்கினா உசுரா போயிரும்?”

நெருஞ்சி ஒன்றே ஒன்றுதான் கேட்டது. “தாயி, நீயும் பொம்பளதான?”

பூலத்தாய் அரிவாளை ஓங்கினாள். வரப்பு முழுக்க வெட்டிச் சாய்த்தாள். அந்த மாசம் அவள் உப்பு பளீரென்று வெளுத்துக் கிடந்தது.

பெண்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். தண்ணீர் குடித்தால்தானே ஒதுங்க வேண்டும்? குடிப்பதை விட்டார்கள். கொதிக்கிற வெயிலில், உப்புத் தண்ணீரில் கால் வேக நின்றுகொண்டு, கொண்டுவந்த கலயத்தை மாலையில் அப்படியே திருப்பி எடுத்துப் போனார்கள். வைகாசிக்குள் ஒருத்தி மாற்றி ஒருத்திக்கு ஆரம்பித்தது. சொட்டுச் சொட்டாக நீர் பிரிந்தது, நெருப்பாக எரிந்தது. வெளியே சொல்ல எல்லாருக்கும் கூச்சம். குளிரும் காய்ச்சலும் வந்து இரண்டு பேர் வேலைக்குத் திரும்பி வரவே இல்லை. பூலத்தாய்க்கும் எரிந்தது. அவள் எப்படிச் சொல்வாள்?

ஒரு மத்தியானம் சடச்சி விலாவைப் பிடித்துக்கொண்டு பாத்திக்குள்ளேயே விழுந்தாள். இடுப்பிலிருந்து அடிவயிறு வரை வெட்டி இழுத்தது. ஒரு சொட்டு வந்தது, அதுவும் ரத்தம்.

“உள்ள கல்லு உருளுதுக்கா” என்றாள். அக்காள் மேல் ஒரு குறையும் சொல்லவில்லை. அதுதான் பூலத்தாய்க்குத் தாங்கவில்லை.

வடக்கு வரப்புக்கு ஓடினாள். வெட்டின இடத்தில் நெருஞ்சி எழும்ப முடியாமல், மண்ணோடு மண்ணாக நாலு இலை விட்டிருந்தது. அதன் முன்னால் குப்புற விழுந்து அழுதாள். உன்னை வெட்டி எல்லாரையும் நான்தான் கொன்னேன் என்றாள், தங்கச்சியைக் காப்பாற்று என்றாள்.

நெருஞ்சி நாலு இலையையும் அவள் பக்கம் திருப்பியது. பிறகு, “இனி என்னால நிமிர முடியாது தாயி” என்றது. “என்னை வேரோட பிடுங்கி, இடிச்சுக் கொதிக்க வச்சுக் குடு. வயிறு நிறையத் தண்ணியும் குடு. விழுற கல்லை எங்கிட்டயே கொண்டா.”

மூன்றாம் நாள் சடச்சி வீறிட்டாள், கல் விழுந்தது. கடுகளவுதான், சுற்றிலும் முனை முனையாக இருந்தது. இத்தனை சின்னதா இவளைச் சாகடிக்கப் பார்த்தது என்று பூலத்தாய் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு வரப்பில் மிச்சமிருந்த ஒரு கொடியின் அடியில் புதைத்தாள்.

மறுநாள் அந்தக் கொடி வரப்பு முழுக்கப் படர்ந்து, முதல்முறையாக முள்ளோடு காய்த்திருந்தது. அந்தக் கல்லைப் போலவே காய்.

“மறைப்பா நிக்கத்தான் முடியல. காவலாக் கிடக்கேன். எந்த ஆம்பளையும் இந்தப் பக்கம் காலு வைக்க மாட்டான். நீங்க வழி பாத்து வந்து ஒதுங்குங்க” என்றது நெருஞ்சி. “ஆனா நீங்க கூச்சப்பட்டு வராம இருப்பீங்க. எவ்வளவு நேரமா அடக்கிட்டு நிக்கீங்கன்னு நான் பொழுதப் பாத்துக்கிட்டே இருப்பேன்.” அதற்குப் பிறகு அது பேசவில்லை.

அன்று முதல்தான் நெருஞ்சி தரையோடு தரையாகக் கிடக்கிறது, முள்ளோடு காய்க்கிறது, நீர்க்கடுப்புக்கும் கல்லடைப்புக்கும் நம் ஆட்கள் அதைத் தேடிப் போகிறார்கள். அதன் மஞ்சள் பூ காலையில் கிழக்கே பார்க்கும், சாயங்காலம் மேற்கே பார்க்கும். உப்பளத்தில் பெண்கள் இன்னும் அடக்கிக்கொண்டுதான் நிற்கிறார்கள், அதுவும் இன்னும் பொழுதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது.