ஆற்றங்கரையில் கிடைத்த பல்

மானுடவியல் பேராசிரியர் ஞானசௌந்தரியிடம் படித்தவர்களில் இரண்டு பேர் ஆதிமனிதனின் எலும்பைத் தேடிப் போனார்கள். ஒருவர் நன்மாறன். இன்னொருவர் ரெஜினா.

நன்மாறன் ஓர் ஆற்றங்கரையில் வருஷக்கணக்காகத் தோண்டினார். கல்லாயுதங்கள் கிடைத்தன. எலும்பு மட்டும் கிடைக்கவில்லை. அவர் விட்டுவிட்டு வந்த அதே கரைக்கு ரெஜினா போனார். முதல் கோடையிலேயே ஒரு பல் கிடைத்தது.

நன்மாறன் போன் செய்து வாழ்த்தினார். அன்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

சில மாதங்களில் ஓர் ஆய்விதழ், மதிப்பாய்வுக்காக ஒரு கட்டுரையை அவருக்கு அனுப்பியது. எழுதியவர் பெயர் மறைக்கப்பட்டிருந்தது. அது ரெஜினாவுடையது என்று முதல் பத்தியிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. மதிப்பாய்வாளர் யார் என்பது ரெஜினாவுக்குத் தெரியப்போவதில்லை.

அறிக்கையை எழுதி முடித்தார். ஏனோ அனுப்ப முடியவில்லை. மடிக்கணினியோடு பேராசிரியரின் எலும்பு அறைக்குப் போனார்.

"மேடம், ஒரு கட்டுரையை நிராகரிக்கச் சொல்லி எழுதியிருக்கேன். நான் எழுதினது நியாயமான்னு நீங்க பார்த்துச் சொல்லணும்."

"அதை எங்கிட்டக் காட்டக் கூடாது. மூடி வை. யாரோடதுன்னு உன் முகத்துலயே தெரியுது."

அவர் மூடி வைத்தார்.

பேராசிரியர் அலமாரியைத் திறந்து அந்தப் பல்லின் சின்னப் பிளாஸ்டர் அச்சை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார். "ரெஜினா கொடுத்துட்டுப் போனா. பாரு."

நன்மாறனின் முகம் இறுகியது. "இதைப் படத்துல பார்த்துட்டேன்."

"கையில பாரு."

வேண்டாவெறுப்பாக விளக்கடியில் கொண்டுபோய் லென்ஸை வைத்தார். திருப்பினார். மறுபடியும் திருப்பினார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"முனை தேயவே இல்ல மேடம். அப்பத்தான் முளைச்ச கடைவாய்ப்பல். ஆறேழு வயசுக் குழந்தையா இருக்கணும்."

"ம்."

"இங்க பக்கவாட்டுல ஒரு பள்ளக்கோடு ஓடுது பாருங்க. பல் உள்ளே வளர்ந்துட்டு இருக்கும்போது, ரெண்டு வயசு வாக்குல, பெரிய சீக்கு வந்திருக்கு. இல்லேன்னா பட்டினி. ஆனா கோட்டுக்குக் கீழ எவ்வளவு வழுவழுன்னு இருக்கு! பொழைச்சிருக்கு மேடம். யாரோ பொழைக்க வெச்சிருக்காங்க."

அவர் குரல் மாணவனாக இருந்த காலத்துக் குரலாகிவிட்டது. கட்டுரையை மறந்தார். ரெஜினாவை மறந்தார்.

வெகுநேரம் கழித்து அச்சை மேசைமேல் வைத்தார்.

"உன் அறிக்கையில இந்தக் குழந்தை இருக்கா?" என்றார் பேராசிரியர்.

"இல்ல."

"வேற என்ன இருக்கு?"

"குறைகள் இருக்கு. ஒரே ஒரு மண் மாதிரியை வெச்சுக் காலம் கணிச்சிருக்கா."

"நிஜமாவே அது குறைதான். அப்படியே இருக்கட்டும். அப்புறம்?"

"படங்கள் சுமார். மேற்கோள் வரிசை சரியில்ல. முன்னாடி அங்க வேலை செஞ்சவங்களைப் பத்தி ஒரே ஒரு வரிதான்."

"முன்னாடி யார் வேலை செஞ்சது?"

நன்மாறன் லென்ஸைக் கீழே வைத்தார். பல்லையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ தோண்டின இடம் எனக்குத் தெரியும் மேடம். என் கூடாரத்துக்குப் பின்னாலயே ஒரு களிமண் சரிவு. தினம் காலையில பல் தேய்ச்சுட்டு அங்கதான் துப்புவேன். ஒருநாள் கூடக் குனிஞ்சு பார்க்கல. நான் அவளுக்குச் சீனியர். அவளுக்கு முன்னாடி போனவன். அது எனக்குக் கிடைச்சிருக்கணும். அவ பேர் வர்ற இடத்துல எல்லாம் என் பேர் இருந்திருக்கணும்."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். வெளியே வராந்தாவில் மாணவர்கள் சிரித்துப் பேசியபடி போனார்கள். பேராசிரியர் அச்சை எடுத்துப் பஞ்சில் பொதிந்தார்.

"இத்தனை குறை கண்டுபிடிச்சு எழுதியிருக்க, நன்மாறா. இருக்கறதுலயே பெரிய குறையை, அதுல உன் பேர் இல்லைங்கறதை, விட்டுட்டியே."