அணைக்கச் சொன்ன விளக்கு

ஒரு ஊர்ல ஒரு பெரிய ஏரி. இக்கரையில நின்னா அக்கரை தெரியாது. அது கடலோட சேர்ற முகத்துவாரத்துல ஒரு துறைமுகம், அதுக்கு ஒரு கலங்கரை விளக்கம். விளக்கைப் பாத்துக்கிட்டவன் லாசரு. அவன் பொண்டாட்டி ஞானப்பூ தினம் படகுல இறால் பிடிக்கப் போவா. "ம்" சொல்லு.

"ம்."

அப்புறம் என்னாச்சு, முகத்துவாரத்தை மணல் மூடிடுச்சு. கப்பல் வரத்து நின்னுபோச்சு. ஆபீஸ்ல இருந்து லாசருக்கு ஒரு கடுதாசி: "விளக்கை அணைக்கவும்."

லாசரு முழிச்சான். அவன் வீட்டுல விளக்கைக் குளிர வைப்பாங்க, அமத்துவாங்க. பிள்ளையைத்தான் அணைப்பாங்க. சரி, மேலிடத்து உத்தரவாச்சே! தொம் தொம்னு படியேறி, விளக்கைக் கட்டி அணைச்சான். சுர்ர்ர்! "அணைத்தேன். சுட்டது"ன்னு பதில் போட்டான்.

சிரிக்காதே, தூக்கம் போயிடும்.

அப்புறம் ரெண்டாவது கடுதாசி: "முழுமையாக அணைக்கவும்." ஈரச் சாக்கைப் போத்திக்கிட்டு ரெண்டு கையாலயும் அணைச்சான். புஸ்ஸ்ஸ்! ஏரிப்பக்கம் அவன் நிழல் விழுந்துச்சு. "யோவ், மறைக்காதய்யா! கரை தெரியல!"ன்னு படகுல இருந்து ஞானப்பூ கத்தினா.

மூணாவது தடவை ஆபீசரே வந்துட்டார். பொழுது சாஞ்சிடுச்சு, ஞானப்பூ இன்னும் ஏரியில. "இதாம்ப்பா அணைக்கிறது." டக்! ஒரே இருட்டு. மேலறையைப் பூட்டிச் சாவியையும் எடுத்துக்கிட்டார்.

"அப்போ நான் செஞ்சது என்ன சார்?"

"அதுதான் எனக்கும் புரியல"ன்னு போயிட்டார்.

"அந்தம்மா வந்தாங்களாப்பா?"

இரு. ஏரியில இருந்து "கூ..."ன்னு ஒரு குரல். லாசரு ஓடினான். கீழ் இரும்புக் கதவை அறைஞ்சான். டொங்! டொங்! டொங்! விடவே இல்ல. அந்தச் சத்தத்தைப் பிடிச்சுக்கிட்டு, சளக் சளக்னு படகு வந்துச்சு.

"விளக்கு எங்கய்யா?"

"அணைச்சுட்டாங்க."

"அதுக்கு ஏன் அழுவுற?"

"எந்த அணைப்புன்னே புரியலடி."

"முதல்ல என்னை அணை. குளிருது."

இன்னைக்கும் அங்க கரை ஏறுறவங்க அந்தக் கலங்கரை விளக்கத்துச் சுவரை ஒரு தடவை அணைச்சுட்டுத்தான் வீட்டுக்குப் போவாங்க. அது அணைஞ்ச விளக்கா, அணைச்ச விளக்கா? எனக்கு இன்னும் குழப்பம்தான்.

படகு கரை சேந்துச்சு, கதையும் சேந்துச்சு. கண்ணை மூடு. அப்பா டூட்டிக்குக் கிளம்பணும். அணைச்சுடவா?

"ரெண்டும்ப்பா."