கீரி மாமா கேட்ட மூன்று கேள்விகள்

ஆலங்குளக் காட்டில் எல்லா விலங்குகளும் கைபேசியில் ‘தேன்கோட்டை’ விளையாடின. அவற்றின் அணித்தலைவி செம்பி என்ற மலையணில். இரண்டு வருடம் விடாமல் விளையாடி எண்பத்து நான்காம் கட்டத்துக்கு வந்து, பொன் கவசமும் வாங்கியிருந்தாள். மறுநாள் காலை பத்து மணிக்கு மேற்குமலைக் குரங்குகளோடு இறுதிப் போட்டி! தலைவி இல்லாத அணிக்கு ஆட்டமே கிடையாது.

குரங்குகள் கீரியைக் கூப்பிட்டன. “அவ கணக்கைப் பிடிச்சு, நாளைக்கு நீ ஆடித் தோத்துடு. ஒரு கூடை முட்டை தர்றோம்!” என்றன. முட்டை என்றதும் கீரிக்கு வாயில் நீர் ஊறியது.

கடவுச்சொல் மறந்தவர்களிடம் தேன்கோட்டை மூன்று கேள்விகள் கேட்கும். பிறந்த இடம், அம்மா பெயர், முதன்முதலில் தின்ற உணவு. மூன்றுக்கும் சரியாகச் சொன்னால் கதவு திறக்கும். கீரி நேராகச் செம்பியின் மரத்தடிக்குப் போனது.

“கண்ணு, உனக்கு எந்த ஊரு?”

நம் ஊரில் யாரைப் பார்த்தாலும் கேட்கிற கேள்விதானே! செம்பி குஷியாகிவிட்டாள். “ஓடைக்கரை நாவல் மரம்!”

“அட! அங்க யாரு மக நீ?”

“பூவாத்தா மக!”

“பூவாத்தா எனக்குத் தங்கச்சி முறையாச்சே! அப்போ நான் உனக்கு மாமன்!”

அணிலுக்குக் கீரி எப்படி மாமன் என்று அந்த மக்கு யோசிக்கவே இல்லை. இருவருக்கும் வால் புசுபுசுவென்று இருந்தது. அவளுக்கு அது போதுமாக இருந்தது.

“உனக்கு மொத மொதல்ல பழம் ஊட்டினதே இந்த மாமன்தான்! என்ன பழம்னுதான் மறந்துபோச்சு.”

“பலாச்சுளை, மாமா!”

மறுநாள் காலை ஒன்பதரை மணிக்குச் செம்பி கைபேசியைத் திறந்தாள். ‘கடவுச்சொல் தவறு!’ என்று வந்தது. மூன்று கேள்விகளுக்கும் விடை சொன்னாள். ‘தவறு!’ மறுபடி சொன்னாள். மறுபடியும் ‘தவறு! இன்னும் ஒரே வாய்ப்பு. அதுவும் தவறினால் ஒரு நாள் பூட்டு!’

“ஐயோ! நான் பொறந்த மரம் எனக்கே தெரியாதா? என் ரெண்டு வருஷம் போச்சே!” என்று கதறினாள். காடே ஓடி வந்தது.

“நேத்து உன்கிட்ட யாராவது ஊரு, உறவு விசாரிச்சாங்களா?” என்று கேட்டது உடும்பு.

“கீரி மாமா மட்டும்தான், உடும்பக்கா.”

“மாமனாம் மாமன்! போன மாசம் என்கிட்டயும் வந்து விசாரிச்சுச்சு. எல்லாத்தையும் உள்ளபடியே சொன்னேன். ஆனா விளையாட்டுல நான் பொறந்த இடம் நிலான்னும், எங்கம்மா பேரு மிளகாய்ப்பொடின்னும் போட்டு வச்சிருக்கேன். அதான் அதால உள்ள நுழைய முடியல! நீ உண்மையையே போட்டிருந்ததால, உன் கணக்குக்குள்ள புகுந்து விடைகளை மாத்திடுச்சு. சோம்பேறி! தன்னோட விவரத்தைத்தான் போட்டிருக்கும்.”

“கீரி எங்க பொறந்துச்சு? யாருக்காவது தெரியுமா?” என்று கேட்டாள் செம்பி.

“கோரைப்பள்ளம் புற்று!” என்று கத்தியது முயல். “அங்க பொறந்தேன்னு எல்லார்கிட்டயும் பீத்திக்குமே!”

“அவங்கம்மா சீரங்காயி!” என்றது கொக்கு. “எனக்குப் பக்கத்து வீடு!”

மணி பத்தாக ஐந்து நிமிடம்தான் இருந்தது! மூன்றாவது விடை?

“தவளை!” என்றது முயல்.

“இல்ல, நத்தை!” என்றது கொக்கு.

செம்பி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்போது உடும்பு முன்னால் வந்தது. “உடும்பு முட்டைன்னு போடு.”

“நிச்சயமாத் தெரியுமா அக்கா?”

“எங்கம்மா இட்ட முட்டை அது. எனக்குத் தம்பியாப் பொறந்திருக்க வேண்டியது. எங்கம்மா அதைச் சொல்லிச் சொல்லி அழும். நான் மறப்பேனா?”

செம்பி அப்படியே போட்டாள். கதவு திறந்தது! பொன் கவசம் பளபளத்தது! கடவுச்சொல்லை மாற்றியதும் கீரி வெளியே தள்ளப்பட்டது. தோற்றுப்போக வரும் கீரிக்காகக் காத்திருந்த குரங்குகள், உள்ளே வந்த செம்பியிடம் செமத்தியாக வாங்கிக் கட்டிக்கொண்டன. காடே ஆடிப் பாடியது.

ஆட்டம் முடிந்ததும் செம்பி யாருக்கும் தெரியாத மூன்று புது விடைகளை வைத்தாள். வைத்த சந்தோஷம் தாங்காமல் உச்சிக் கிளைக்கு ஏறி, “எல்லாரும் கேளுங்க! நான் என்ன விடை வச்சிருக்கேன் தெரியுமா...” என்று ஆரம்பித்தாள்.

உடும்பு ஒரே தாவலில் ஏறி அவள் வாயைப் பொத்தியது.

ஊரே அறிந்த விடையை வைத்துப் பூட்டிய கதவு, பூட்டாமல் விட்ட கதவுக்குச் சமம்.